இழைக்குள் ஓடும் ஒளிக்கும் கணக்கு உண்டு

கோலார் தங்கவயல் என்றால் ஊராருக்கு நினைவுக்கு வருவது தங்கம். விஞ்ஞானிகளுக்கு நினைவுக்கு வருவது வேறு. 1965-ஆம் ஆண்டில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், இருட்டில் தோன்றி மறைந்த ஒளித் துளிகள்தான் அது.

பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் கூடி அங்கே கருவிகளை நிறுவியிருந்தன. காற்று மண்டலத்தில் பிறந்து பூமியைத் துளைத்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயம் முதன்முதலாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது அந்த ஆண்டில், இந்த ஊரிலிருந்துதான்.

நியூட்ரினோ என்ற எண்ணமே ஒரு கணக்குத் தகராறில் பிறந்தது. சில அணுக்கள் சிதையும்போது வரவும் செலவும் ஒத்துவரவில்லை. கொஞ்சம் ஆற்றல் காணாமல் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று 1930-இல் பாலி என்ற விஞ்ஞானி சொன்னார். கணக்கில் பிறந்த அந்தத் துகள் ஆய்வுக்கூடத்தில் அகப்பட 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வானத்திலிருந்து வருவதைப் பிடித்தது தங்கவயல்.

பிடித்த விதம் எளிமையானது. பாறையில் நியூட்ரினோ மோதும்போது பிறக்கும் துகள், விசேஷமான பிளாஸ்டிக் பலகையைக் கடந்து செல்லும். அப்போது பலகை மின்மினி போல் ஒளிரும். அந்த ஒளியை மின் துடிப்பாக மாற்றும் குழாய்கள் பக்கத்தில் காத்திருக்கும். பிறந்த ஒளி வழியில் வீணாகாமல் குழாயை வந்து சேர வேண்டும் என்பதே முக்கியம்.

இன்று மதுரையில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேலை நடக்கிறது. அங்கே 2018 முதல் இயங்கிவரும் 85 டன் காந்தக் கருவியைச் சுற்றி அமைக்கவென்று உருவான ஒளிரும் பிளாஸ்டிக் பட்டைகளின் உள்ளே நூல் போன்ற இழைகள் செல்கின்றன. பட்டையில் பிறக்கும் ஒளியை அந்த இழைகள் உள்வாங்கி, முனையில் உள்ள சிறு சிலிக்கான் உணரியிடம் கொண்டு சேர்க்கும். இதன் அண்ணன் முறைதான் டெலிபோனுக்கும் இன்டர்நெட்டுக்கும் பயன்படும் கண்ணாடி இழை. ரயில் பாதைகளின் ஓரமாக மட்டும், 2000-இல் தொடங்கிய ரெயில்டெல் நிறுவனம் சுமார் 60,000 கிலோமீட்டருக்கு அத்தகைய கேபிளை அமைத்திருக்கிறது.

இங்கேதான் ஒரு கேள்வி. தலைமுடி அளவே உள்ள இழைக்குள் ஒளி எப்படிப் போகிறது என்பதை யார் எட்டிப் பார்க்க முடியும்? வளைத்தால் எவ்வளவு சிந்தும், இரண்டாகப் பிரித்தால் எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதெல்லாம் இழையை இழுப்பதற்கு முன்பே எப்படித் தெரிகிறது? விடை: கம்ப்யூட்டரில் போடும் கணக்கு.

முடியளவுப் பாதை

தண்ணீரிலிருந்தோ கண்ணாடியிலிருந்தோ ஒளி வெளியே வர முயலும்போது, மிகவும் சாய்வாக வந்தால் வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பிவிடும். இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். கொட்டும் தண்ணீர்த் தாரையோடு ஒளியும் வளைந்து போவதை ஜெனிவாவில் கோலடன் 1840-களின் தொடக்கத்திலும், லண்டனில் டிண்டால் 1854-இலும் செய்து காட்டினார்கள். நூறு ஆண்டு கழித்து 1954-இல், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு வழியே ஒரு உருவத்தையே அனுப்பிக் காட்டினார்.

ஆனால் தூரம் போகவில்லை. அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீட்டருக்குள் களைத்துவிடும். 1966-இல் இங்கிலாந்தில் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்ற இரு பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகு நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும், டெலிபோன் நடத்தலாம் என்பது அவர்கள் முடிவு. அப்படிப்பட்ட கண்ணாடி அன்று உலகில் எங்கும் இல்லை. இருந்தாலும் இலக்கு தெரிந்துவிட்டது. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி அந்த அளவை எட்டியது. காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய நல்ல இழையில் ஒளி பாதியாகக் குறைவதற்கே சுமார் 15 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

கோணம் மட்டும் போதாது

பள்ளிப் பாடத்தில் ஒளி ஒரு நேர்க்கோடு. சுவரில் மோதிய பந்து போல அது இழைக்குள் துள்ளித் துள்ளிப் போவதாகப் படம் போடுவார்கள். தடித்த இழைக்கு அந்தப் படம் ஓரளவு சரி. தொலைதூர இழைக்குச் சரியில்லை.

அந்த இழையின் மொத்தக் குறுக்களவு 125 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நடுவே ஒளி ஓடும் உட்தண்டு 8 அல்லது 9 மைக்ரான்தான். அதில் ஓடும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் கண்ணாடிக்குள் ஏறக்குறைய 1 மைக்ரான். ஆக, பாதையின் அகலமே ஏழெட்டு அலைகள். இவ்வளவு குறுகிய இடத்தில் ஒளி பந்து போல நடப்பதில்லை. தண்ணீர் அலை போல நடக்கிறது. ஏறக்குறைய கால் பங்கு ஒளி உட்தண்டுக்கு வெளியே, சுற்றியுள்ள கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் இன்னொரு உட்தண்டு இருந்தால், இடையில் துளை எதுவும் இல்லாமலே அதற்குள் கசிந்து குடியேறிவிடும்! பந்துக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

எனவே 1860-களில் ஸ்காட்லாந்துக்காரர் மாக்ஸ்வெல் வகுத்துத் தந்த மின்காந்த அலைச் சமன்பாடுகளிடம் போக வேண்டும். நேராக நீளும் உருண்டை இழைக்கு அந்தச் சமன்பாடுகளைத் தாளிலேயே தீர்த்துவிடலாம். வளைவு, கிளை, குறுகல் என்று வந்துவிட்டால் பெரும்பாலும் தாள் கைவிரித்துவிடும். அங்கேதான் எண்களைக் கொண்டு படிப்படியாகக் கணக்கிடும் முறை கை கொடுக்கிறது.

வாழைத்தண்டு வில்லைகள்

முதல் முறையை வீட்டுப் பெண்கள் வாழைத்தண்டு நறுக்குவதற்கு ஒப்பிடலாம். ஒளி ஓடும் பாதையை நீளவாக்கில் மெல்லிய வில்லைகளாகக் கற்பனையில் நறுக்க வேண்டும். முதல் வில்லையில் ஒளி எந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு வில்லைக்கும் இரண்டே வேலைகள்.

ஒன்று, ஒளி தானாகவே கொஞ்சம் பரவும். அந்தப் பரவலைக் கணக்கிடுவது. இரண்டு, அடர்ந்த கண்ணாடியில் ஒளி மெதுவாகவும், லேசான கண்ணாடியில் சற்று வேகமாகவும் போகும். அந்தத் தாமத வித்தியாசத்தைச் சேர்ப்பது. முதல் வேலை ஒளியைக் கலைக்கிறது. இரண்டாவது வேலை லென்ஸ் போல அதை நடுவே கூட்டுகிறது. இரண்டும் சமமானால் ஒளி தன் உருவம் மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சென்டிமீட்டர் நீளப் பாதையை ஒரு மைக்ரான் வில்லைகளாக்கினால் 10,000 வில்லைகள். ஒன்றின் விடை அடுத்ததற்கு முதல் இருப்பு. பேரேட்டில் நேற்றைய முடிவு இருப்பு இன்றைய தொடக்க இருப்பாவது போலத்தான். ஒளியிழைகளுக்கு இந்த வழியை 1978-இல் அமெரிக்காவில் ஃபீட், ஃபிளெக் என்ற இருவர் பயன்படுத்திக் காட்டினார்கள்.

நம் நாட்டிலும் இத்துறையில் பெயர் சொல்லும் வேலை நடந்திருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யில் அஜாய் கட்டக், கே. தியாகராஜன், எம்.ஆர். ஷெனாய் ஆகிய மூவரும் 1987-இல் தட்டையான ஒளிப்பாதைகளுக்கு ஒரு சுருக்கு வழி வெளியிட்டார்கள். அவர்கள் நறுக்கியது நீளவாக்கில் அல்ல, அடுக்கு அடுக்காக. ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு வரிசை, இரண்டு நிரல் கொண்ட சிறிய அணி ஒன்று. எல்லா அணிகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால், ஒளி எந்த வேகத்தில் ஓடும், எவ்வளவு கசியும் என்பது வந்துவிடும். அணிப் பெருக்கல் இன்று பி.யு.சி. மாணவர்கள் படிக்கும் பாடம் என்பது கவனிக்கத்தக்கது.

ஊடுபுள்ளிக் கோலம்

வில்லை முறை ஒளி முன்னோக்கியே போகும் என்று வைத்துக்கொள்கிறது. திடீர்த் திருப்பத்தில் ஒளி பின்னாலும் திரும்பும். அதையும் பிடிக்க, 1966-இல் கேன் யீ என்பவர் இன்னொரு முறையை வகுத்தார்.

இதில் இடம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்படும். மின்புலத்தின் எண்கள் ஒரு வரிசைப் புள்ளிகளில். காந்தப்புலத்தின் எண்கள் அவற்றுக்கு இடைப்பட்ட புள்ளிகளில். வாசலில் போடும் ஊடுபுள்ளிக் கோலம் போலவே இருக்கும். நேரமும் சிறுசிறு துடிப்புகளாகப் பிரிக்கப்படும். முதல் துடிப்பில் மின்புலம் மாறும், அடுத்ததில் காந்தப்புலம், மறுபடி மின்புலம். பிள்ளைகள் பச்சைக் குதிரை தாண்டுவது போல ஒன்றை ஒன்று தாண்டிக்கொண்டு போகும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் தெரிய வேண்டியது பக்கத்துப் புள்ளிகளின் நிலை மட்டுமே. ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் கேட்டுத்தான் வண்டியை விடுகிறார்; பாதை முழுவதும் நடப்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அப்படியே ஒவ்வொரு புள்ளியும் அண்டை வீட்டை மட்டும் கேட்டு நடந்துகொள்ள, மொத்தத்தில் ஒளி அலை உருண்டோடுகிறது. ஒரு நிபந்தனை உண்டு. ஒரு துடிப்பில் ஒளி ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய்விடும்படி துடிப்பைப் பெரிதாக வைக்கக் கூடாது. வைத்தால் எண்கள் வெறி பிடித்தாற்போல் பெருகிக் கணக்கே வெடித்துவிடும்.

இதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். 100 மைக்ரான் நீளம், 10 மைக்ரான் அகலம், 10 மைக்ரான் உயரம் உள்ள கண்ணாடித் துண்டை, மைக்ரானில் இருபதில் ஒரு பங்கு கட்டங்களாகப் பிரித்தால் 8 கோடி கட்டங்கள். கட்டத்துக்கு ஆறு எண்கள். ஒளி அந்தத் துண்டைக் கடந்து முடிக்க ஏறக்குறைய 5,000 துடிப்புகள். ஆக, 40,000 கோடி தடவை கட்டக் கணக்குப் போட வேண்டும். இவ்வளவும் சாதாரண மணல் பொடி நீளத்துக்கு! ஒரு கிலோமீட்டர் இழை என்றால் இதைப்போல் ஒரு கோடி மடங்கு நீளம். ஆகவே யாரும் அப்படிச் செய்வதில்லை.

2020-இல் தொடங்கி வைக்கப்பட்ட சென்னை – அந்தமான் கடலடிக் கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர். அவ்வளவு நீளத்துக்கு, இழையின் குறுக்கே ஒளி அமரும் உருவத்தை ஒரே ஒரு தடவை கண்டுபிடித்துக்கொள்வார்கள். அந்த உருவம் மாறாது என்பதால், நீளவாக்கில் ஒளித் துடிப்பு எப்படி அகலுகிறது, எப்படிச் சிதைகிறது என்பதை மட்டும் படிப்படியாகத் தொடர்வார்கள். எந்த வேலைக்கு எந்தக் கணக்கு என்று தெரிவதில்தான் அனுபவம் இருக்கிறது.

கணக்கு பொய் சொல்லும் இடம்

கம்ப்யூட்டர் விடை தந்துவிட்டது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. வண்ண வண்ணப் படம் திரையில் அழகாக வரும். விடை தவறாக இருக்கும். தவறு வரும் வழிகளில் இரண்டு முக்கியம்.

கட்டங்கள் பெரிதாக இருந்தால், கணக்கில் ஓடும் ஒளி நிஜ ஒளியைவிட மெதுவாக ஓடும். வித்தியாசம் சிறிதுதான். ஆனால் வழி நெடுகச் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் ஒளி இந்தக் கிளைக்கா அந்தக் கிளைக்கா என்பதையே மாற்றிவிடும்.

அடுத்தது எல்லைத் தகராறு. கணக்குக்கு எடுத்துக்கொண்ட இடம் எங்காவது முடிந்தாக வேண்டும். அந்த ஓரத்தில், இல்லாத ஒரு சுவரில் மோதி ஒளி திரும்பி வரும். நிஜத்தில் அப்படி ஒரு சுவர் கிடையாது. 1994-இல் பிரான்சு நாட்டு பெராஞ்சே என்பவர், ஓரத்தில் ஒளியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் ஒரு கற்பனை அடுக்கை அமைக்கும் வழி சொன்ன பிறகுதான் இந்தத் தொல்லை பெரிதும் அடங்கியது.

எனவே கணக்கை நான்கு விதமாகச் சோதிப்பார்கள். உள்ளே போன ஒளியும், வெளியே வந்தது, கசிந்தது, திரும்பியது எல்லாம் சேர்ந்த மொத்தமும் ஒத்துப்போகிறதா? கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி போட்டால் அதே விடை வருகிறதா? தாளிலேயே விடை தெரிந்த நேர் இழைக்கு இந்தக் கணக்கு சரியான விடை தருகிறதா? கடைசியாக, ஒன்றைச் செய்து அளந்து பார்த்தால் ஒத்திருக்கிறதா? முதல் மூன்றும் மேஜையில் நடப்பவை. நான்காவதற்கு ஆய்வுக்கூடம் போக வேண்டும். நான்கும் தேறாத கணக்கை நம்பிப் பணம் போட்டால் பணத்துக்கு ஆபத்து.

ஒரு இழை, 32 வீடுகள்

இந்தக் கணக்கு வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. ஃபைபர் இணைப்பு வாங்கும் வீடுகளுக்கு எல்லாம் நிலையத்திலிருந்து தனித்தனி இழை வருவதில்லை. பெரும்பாலும் ஒரே இழை தெருப்பக்கம் வந்து, ஒரு சிறு பெட்டியில் 32 வரை பிரிகிறது. பெட்டிக்குள் விரல் நுனி அளவுச் சில்லு ஒன்று. அதில் கண்ணாடிப் பாதை இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகி, ஐந்து தடவையில் 32 ஆகிறது. மின்சாரமே தேவையில்லை.

கவட்டை போன்ற அந்தப் பிரிவில்தான் சாமர்த்தியம். கவட்டையை அதிகமாக விரித்தால் ஒளி திரும்ப முடியாமல் நேரே போய்ச் சிந்திவிடும். மிகவும் குறுக்கினால் சில்லு நீண்டு விலை ஏறும். சற்றுக் கோணலானால் ஒரு வீட்டுக்கு அதிகமும் இன்னொரு வீட்டுக்குக் குறைவும் போகும். ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு சில்லு செய்து பார்ப்பதென்றால் காலமும் காசும் கரைந்துவிடும். கணக்கில் நூறு கவட்டைகளைப் போட்டுப் பார்த்து, நல்லதாக ஒன்றிரண்டை மட்டும் செய்கிறார்கள்.

தங்கவயலுக்கு என்ன?

இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது தங்கவயலுக்குப் புதிதல்ல. சுரங்கத்தில் பாறை வெடிப்பு எத்தனை குடும்பங்களின் விளக்கை அணைத்தது என்பதை லைன் வீடுகளில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1988-இல் இங்கே தொடங்கப்பட்ட தேசிய பாறை இயந்திரவியல் நிலையத்தின் வேலைகளில் ஒன்று, பாறையில் அழுத்தம் எங்கே சேர்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கில் கண்டறிவது. பொருள் வேறு, முறை உறவு. அங்கே பாறைக்குள் அழுத்தம், இங்கே கண்ணாடிக்குள் ஒளி. இரண்டையும் கண்ணால் பார்க்க முடியாது. இரண்டிலும் தவறான விடைக்கு விலை உண்டு.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் காலை வண்டிகளில் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெங்களூர் போய் வருகிறார்கள். கடை, காவல், கம்பெனி, கம்ப்யூட்டர் என்று கிடைத்த வேலையில் இருக்கிறார்கள். படித்தவர்களிலும் பலர், வேறு யாரோ எழுதிய கணக்கை இயக்குகிற இடத்தில்தான் இருக்கிறார்கள். கணக்கையே எழுதுகிற இடமும் இருக்கிறது. அதே பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும், சென்னை ஐ.ஐ.டி.யிலும் சிலிக்கான் சில்லில் ஒளியை ஓட்டும் ஆய்வுகள் நடக்கின்றன.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே மலைக்க வேண்டியதில்லை. பி.எஸ்சி. பௌதிகம் அல்லது எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்கள் அலைகள், அணிகள், வகைநுண்கணிதம் ஆகிய மூன்றையும் உருப்போடாமல் புரிந்து படித்து, பைதான் போன்ற ஒரு கம்ப்யூட்டர் மொழியையும் கற்றுக்கொண்டால் வாசல் திறந்துவிடும். யீ வகுத்த முறையில் கணக்குப் போடும் மீப் என்ற நிரலை அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்தார் உருவாக்கி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறார்கள். சிறிய கணக்குகளுக்குச் சாதாரண மடிக்கணினி போதும்.

தொடங்குகிறவர்கள் முதலில் வளைவும் கிளையும் இல்லாத நேர்ப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. ஒரு பங்கு ஒளியை உள்ளே விட்டு மறுமுனையில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பங்குக்கு மேல் வந்தால் எங்கோ தவறு. மிகவும் குறைந்து வந்தாலும், போனது எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை விடக் கூடாது. அந்த நேர்ப் பாதையில் கணக்கு இடிக்காமல் வந்த பிறகுதான் வளைவுக்குப் போக வேண்டும்.